அறிவுரை சொல்லும் இடத்தில் விற்பனை வேண்டாம்: ஆட்டிசம் தெரபி மையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஆட்டிசம் தெரபி மையங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய மையங்களில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மீன் எண்ணெய்க் காப்ஸ்யூல், புரோபயாட்டிக் பொடி, மெக்னீசியம், மெத்தில் பி12 சிரப், எல்-கார்னோசின், கரடிக்குட்டி வடிவத்தில் வைட்டமின் மிட்டாய், ஒட்டகப் பால் பவுடர். வகுப்பு முடிந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடி வெளியே வரும் தாயிடம், “இதையும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள் அம்மா, முகம் பார்த்துப் பேசுவான்” என்று ஒரு டப்பா நீட்டப்படுகிறது. அந்த அலமாரியை அங்கிருந்து அகற்றிவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதவேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். சத்து மாத்திரை பரிந்துரைப்பது என் அன்றாட வேலை. அவற்றின்மேல் எனக்கு விரோதம் ஏதும் இல்லை. என் தம்பிக்கு ஆட்டிசம். முப்பது வயதைத் தாண்டிவிட்டான். எந்தக் காலத்தில் எந்தப் பொடி கொடிகட்டிப் பறந்தது, எப்போது சத்தமில்லாமல் காணாமல் போனது என்பதை எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றே பார்த்தவள் நான்.

முதலில் உங்களோடு ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சாப்பாடு பெரிய விஷயம். அதைக் காதில் வாங்காத மருத்துவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. “எல்லாப் பிள்ளைகளும் அடம்பிடிக்கத்தான் செய்யும், பசித்தால் தின்பான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் பசித்தாலும் தின்பதில்லை. வெள்ளையாக இருந்தால் மட்டும் தொடுகிற பிள்ளை உண்டு: சோறு, தயிர், இட்லி, இடியாப்பம், பால். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் மட்டும் கடிக்கிற பிள்ளை உண்டு: அப்பளம், முறுக்கு, ஓரம் முறுகிய தோசை, ஒரே நிறுவனத்தின் ஒரே பிஸ்கட். தயிர்சாதத்தில் ஒரு கடுகு தட்டுப்பட்டால் தட்டு சுவர்ப்பக்கம் பறக்கும். நிறுவனம் பிஸ்கட் உறையின் நிறத்தை மாற்றினால் அன்றோடு அந்தப் பிஸ்கட்டும் போயிற்று. நமக்கு ஒன்றுமே இல்லாத வழவழப்பும் மணமும் சூடும் இவர்கள் வாயில் தாங்க முடியாத அளவுக்கு உறைக்கின்றன. அடம் என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

நாலே பண்டத்தில் ஆண்டுக்கணக்கில் வாழும் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதற்கு, உலகெங்கும் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும் ஒரு கதையைச் சொல்கிறேன். நன்றாக ஓடியாடிய பிள்ளை நடக்க மறுக்கிறது. காலைத் தொட்டால் அலறுகிறது. பேச்சு இல்லாத பிள்ளை என்பதால் எங்கே வலி என்று சொல்லத் தெரியவில்லை. ஆட்டிசத்தின் இன்னொரு பிடிவாதம் என்று சில வாரங்கள் ஓடுகின்றன. பிறகு எலும்பு மருத்துவர், எம்.ஆர்.ஐ., ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம், சில பிள்ளைகளுக்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை. கடைசியில் யாரோ ஒருவர் ஈறு வீங்கி ரத்தம் கசிவதைப் பார்த்துவிட்டு, இவன் என்னதான் சாப்பிடுகிறான் என்று கேட்கிறார். ஸ்கர்வி. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு வந்த அதே பழைய நோய். பழமும் காயும் பல ஆண்டு வாயில் படாததால் வந்தது. வைட்டமின் சி கொடுத்ததும் சில நாட்களிலேயே வலி தணிகிறது. வைட்டமின் ஏ இல்லாமல் கண் கெட்டுப்போன ஆட்டிசம் பிள்ளைகளைப் பற்றியும் வசதியான நாடுகளிலிருந்தே அறிக்கைகள் வந்திருக்கின்றன.

நம் ஊருக்கு வந்தால் இரும்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் இந்த மாநிலத்துப் பிள்ளைதானே. அதிலும் கீரையையும் கறியையும் கிட்டவே அண்டவிடாத பிள்ளை. இரும்புச் சத்து குறைந்தால் இரவில் தூக்கம் கலையும், கால் ஓயாது, சிலர் மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னத் தொடங்குவார்கள். இதையெல்லாம் ஆட்டிசக் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரவெல்லாம் புரள்கிற, சுவரைச் சுரண்டித் தின்கிற பிள்ளை உங்கள் மையத்துக்கு வந்தால் முதலில் பார்க்கவேண்டியது ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு (உடலில் இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டுவது). சுவர்ப் பெயின்ட்டைத் தின்கிற பிள்ளையென்றால் ஈயத்தின் அளவும்.

இந்த இடங்களிலெல்லாம் சத்து மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது. குறைந்திருப்பதைக் கொடுக்கிறோம், குறைவால் வந்த தொல்லை நீங்குகிறது. ரத்தசோகை தீர்ந்த பிள்ளை நன்றாகத் தூங்கும், பகலில் உங்கள் வகுப்பில் கூடுதல் நேரம் உட்காரும், உங்கள் உழைப்பும் பலிக்கும். அதே பிள்ளைக்கு ஆட்டிசம் முன்போலவே இருக்கும். உங்கள் அலமாரி கொடுக்கும் வாக்குறுதி வேறு. குறை இருக்கிறதா என்று பார்க்காமலே, ஆட்டிசத்தையே குறைப்பதாகச் சொல்லித்தான் அந்த டப்பாக்கள் கைமாறுகின்றன.

இந்த வாக்குறுதிக்கு வயது அதிகம். பெர்னார்டு ரிம்லாண்டு என்ற அமெரிக்க உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, 1960-களில் ஒரு பெரிய நன்மை செய்தார். தாயின் பாசக்குறைவால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று மனநல மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, தாயைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று எதிர்த்து நின்றவர் அவர். அதே மனிதர்தான் அதிக அளவு வைட்டமின் பி6-ஐ மெக்னீசியத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பல பத்தாண்டுகள் பரப்பினார். பிற்பாடு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் அந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் தேடியபோது கிடைத்தவை மூன்றே மூன்று சிறிய ஆய்வுகள். அவற்றை வைத்து எதையும் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். பி6 நீரில் கரைவதுதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கையும் 1983-லேயே உடைந்துவிட்டது. அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் கை கால் நரம்புகள் மரத்துப்போய், தடுமாறி நடந்ததை அந்த ஆண்டு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பேசாத பிள்ளைக்குக் கால் மரத்துப்போனால் யாரிடம் சொல்லும்?

தம்பி சிறுவனாக இருந்தபோது செக்ரட்டின் வந்தது. அது சத்து மாத்திரை அல்ல, ஊசி. ஆனால் கதை ஒன்றுதான். வயிற்றுப் பரிசோதனைக்காக அந்தக் குடல் ஹார்மோனைச் செலுத்திய பிறகு ஓர் அமெரிக்கச் சிறுவன் பேசத் தொடங்கிவிட்டான் என்று 1998-ல் அங்கே தொலைக்காட்சியில் வந்தது. செய்தி மதுரை வரைக்கும் வந்து எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே 60 பிள்ளைகளைக் கொண்டு முறையான ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்குச் செக்ரட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் முன்னேற்றம், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரட்டின் தங்களுக்கு இன்னும் வேண்டும் என்கிற நிலையிலேயே இருந்தார்கள்.

பெற்றோரைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. என் அம்மா அங்கே இருந்திருந்தால் அந்த 69-இல் ஒருவராகத்தான் இருந்திருப்பார். உப்புநீர் ஏற்றிய பிள்ளைகளும் முன்னேறினார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை நான்கு வயதாகும்போது சில சொற்கள் வரத்தான் செய்யும். நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் பெற்றோர் புதிதாக எதையாவது வாங்குகிறார்கள். மோசமான வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் கொஞ்சம் நல்ல வாரம் வரும். டப்பா வாங்கிய நாளிலிருந்து பிள்ளையை உற்றுக் கவனிக்கிறார்கள், கவனிப்பதால் முன்பே இருந்ததெல்லாம் புதிதாகக் கண்ணில் படுகிறது. இதற்கிடையே உங்கள் பயிற்சியாளர் வாரத்தில் பல நாள் அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து மாய்ந்துகொண்டிருக்கிறார். கடைசியில் பெயர் பொடிக்குப் போகிறது. ஒரு பயிற்சியாளராக உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவு மாற்றம், சத்துத் துணைப்பொருள்கள் குறித்த 19 முறையான ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் ஒரு மீளாய்வு வந்தது. பலனுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது. 2025-ல் பிரான்ஸ், பிரிட்டன் ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக, 248 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்து, 19 வகை மாற்றுச் சிகிச்சைகளை எடைபோட்டார்கள். வைட்டமின் டி, புரோபயாட்டிக் எல்லாம் அதில் அடக்கம். ஆட்டிசத்தின் மையக் கூறுகளில் (பழகுவது, பேசுவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது) பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் ஒன்றுக்குமே கிடைக்கவில்லை. பாதிக்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் பக்க விளைவுகளை யாரும் கணக்கெடுத்துப் பார்க்கவே இல்லை. வைட்டமின் டி கொடுத்தால் ஆட்டிசம் வெகுவாகக் குறைகிறது என்று 2016-ல் பரபரப்பாக வந்த ஆய்வுக் கட்டுரையை 2019-ல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற செய்தி வாட்ஸ்அப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தியாவிலேயே பூஞ்சையிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் பொடியை வைத்து 90 நாள் நடந்த முன்னோட்ட ஆய்வு ஒன்றை உங்களில் சிலர் பெற்றோரிடம் காட்டுகிறீர்கள். அதில் மொத்தமே 18 பிள்ளைகள். பொடி சாப்பிட்டவர்கள் 12, சாப்பிடாதவர்கள் 6. மேற்கொண்டு ஆராயலாம் என்று சொல்ல அது போதும். ரசீது போட்டு விற்கப் போதாது.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். தூக்கத்துக்காகக் கொடுக்கப்படும் மெலட்டோனின் என்ற ஹார்மோனுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. படுக்கை நேர ஒழுங்குகளைச் செய்து பார்த்தும் பலிக்காதபோது அதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2020-ல் வழிகாட்டியது. அதற்கும் மருத்துவர் வேண்டும். அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 25 மெலட்டோனின் மிட்டாய் வகைகளை 2023-ல் சோதித்தபோது 22-இல் உறையில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றில் மெலட்டோனினே இல்லை.

ஆட்டிசம் குறையும் என்று சொல்லிப் பரப்பப்படும், கோதுமையும் பாலும் இல்லாத உணவுமுறையைப் பற்றி ஒரு தமிழ்ப் பெண்ணாக எனக்குச் சொல்ல இருக்கிறது. இட்லி, தோசை, சோறு சாப்பிடும் வீட்டில் கோதுமையை நிறுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை (கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது பலருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்). கைவைக்கக் கூடாத இடம் பால். தயிர்சாதம் ஒன்றை மட்டும் நம்பி உயிர்வாழும் சைவ வீட்டுப் பிள்ளையிடமிருந்து தயிரைப் பிடுங்கினால் புரதம், கால்சியம், பி12 எல்லாம் ஒரே நாளில் போகின்றன. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு மற்றவர்களுடையதைவிட மெலிந்திருப்பதை 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பாலை விலக்கிய சிறுவர்களுக்கு அது இன்னும் மெலிந்திருந்தது. ஆட்டிசத்தின் மையக் கூறுகளுக்காக இந்தப் பத்தியத்தைப் பரிந்துரைக்காதீர்கள் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2013-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் பாலை நிறுத்தச் சொன்ன கையோடு ஒட்டகப் பால் பவுடர் விற்கிறார்கள். ஒட்டகம் கறப்பதும் பால்தான், விலக்கச் சொல்லும் கேசின் என்ற பால் புரதம் அதிலும் உண்டு.

கொடுத்தால் என்ன கெட்டுவிடும், சத்துதானே என்ற கேள்விக்கு வருவோம். லண்டனில் நான்கு வயது ஆட்டிசம் சிறுவன் ஒருவனை மூன்று வாரம் ஓயாத வாந்தியோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று கிலோ எடை குறைந்திருந்தது. ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. விசாரித்தபோது, இயற்கை மருத்துவர் ஒருவர் சொன்னபடி வைட்டமின் டி உட்பட 12 துணைப்பொருள்களைக் கொடுத்துவந்தது தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். 2016-ல் இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமம் வெளியிட்டது.

அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டு நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுக்கும் வைட்டமின் டி பாக்கெட்டில் 60,000 யூனிட் இருக்கிறது. ஒரு பிள்ளையின் அன்றாடத் தேவை 600 யூனிட். ஆக ஒரு பாக்கெட்டில் நூறு நாள் அளவு. அதை நாள்தோறும் என்று தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்து, நஞ்சாகிப்போய் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பாக்கெட்டோடு வைட்டமின் மிட்டாயிலும் டி, பாலில் கலக்கும் ஊட்டச்சத்துப் பவுடரிலும் டி, மீன் ஈரல் எண்ணெயிலும் டி. நான்கையும் நான்கு பேர் பரிந்துரைத்திருப்பார்கள். நான்கு உறைகளையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தவர் எவரும் இருக்கமாட்டார். துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் உடலில் தாமிரம் குறைந்து அதனாலேயே ரத்தசோகை வரும். இரும்புச் சத்து மாத்திரைகளைச் சின்னப் பிள்ளை மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, கையில் கிடைத்த பாட்டிலை ஒரே மூச்சில் காலிசெய்யும் பழக்கம் உண்டு என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

வலிப்பு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் வாஷிங்டனில் ஆட்டிசம் பற்றிப் பேசிய பிறகு இப்போதைய நாயகன் லூகோவோரின் என்கிற ஃபோலினிக் அமிலம். மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து வாங்கும் நோயாளிகளுக்குத் துணையாகப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து அது. 2018-ல் 48 பிள்ளைகளைக் கொண்ட ஓர் ஆய்வில் பேச்சில் சற்று முன்னேற்றம் தெரிந்தது உண்மைதான். பெரிய ஆய்வுகளுக்குக் காத்திருக்கவேண்டிய நிலை. ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டோயின் போன்ற வலிப்பு மருந்துகளின் வேலையை அது கெடுத்து, சில பிள்ளைகளுக்கு வலிப்பை அதிகப்படுத்தக்கூடும் என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ‘ஒரு வகை ஃபோலிக் ஆசிட்தான் அம்மா’ என்று சொல்லி அதைக் கொடுக்கும் இடத்தில், வலிப்புக்கு என்ன மருந்து போகிறது என்று கேட்கப்படுகிறதா?

இனி, உணவுப் பாதுகாப்புத் துறையை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதும் காரணம். இந்த டப்பாக்களின் உறைகள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கின்றன. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். அந்த எண் உற்பத்தியாளருக்கு உரிமம் உண்டு என்பதைத்தான் சொல்கிறது, பிள்ளை பேசும் என்பதை அல்ல. பெற்றோரில் பாதிப் பேர் அதை அரசு கொடுத்த நற்சான்றாக எண்ணிக்கொள்கிறார்கள், நாமும் திருத்துவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் வரையறையில் ஒளி, ஒலி, புகை, வாயு எல்லாம் வருகின்றன. புகையைக்கூட விட்டுவைக்காத சட்டம், மூடிய அறைக்குள் ஒரு தாயின் காதில் சொல்லப்படும் சொல்லை எப்படிப் பிடிக்கும்? சாட்சி யார்? ஆட்டிசத்துக்கு மருந்து என்ற வார்த்தை உறையில் இல்லை, சுவரொட்டியில் இல்லை. அது உங்கள் வாயில்தான் இருக்கிறது. உங்களால் மட்டுமே நிறுத்தக்கூடியது என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்று வியாபாரம் நடந்தபோது தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல், அது பரிந்துரைக்கத்தக்கதல்ல, செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மருத்துவர் கமிஷன் வாங்குவதையும் கடை விரித்து மருந்து விற்பதையும் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. உங்களில் சிறப்புக் கல்வியாளர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்கள். மருத்துவருக்குக் கூடாதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கூடும்? என் துறையும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். பவுடர் நிறுவனங்களின் பிரதிநிதிகள் எங்கள் அறை வாசலிலும் நிற்கிறார்கள், டைரியும் பேனாவும் கொடுக்கிறார்கள், சிலர் வாங்கியும் கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். என் தம்பிக்கு இப்போது யாரும் டப்பா நீட்டுவதில்லை. இரண்டு வயது முதல் ஏழெட்டு வயது வரை வீட்டில் இடமில்லாத அளவுக்கு வந்து குவிந்தவை, மீசை முளைத்ததும் நின்றுபோயின. ஆனால் ஊட்டச்சத்துக் கவனிப்பு அவனுக்கு இப்போதுதான் அதிகம் வேண்டும். நடத்தைக் கோளாறுக்காக ரிஸ்பெரிடோன் வகை மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்குப் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மலச்சிக்கல் தீராத தொல்லை. வெயிலில் இறங்காததால் வைட்டமின் டி குறைவு. பல் கூசுவதைச் சொல்லத் தெரியாமல் ஒரு பக்கமாகவே மெல்லுவார்கள். இதற்கெல்லாம் யாரும் துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதில்லை. பெற்றோரின் நம்பிக்கை உச்சத்தில் இருக்கும் வயதோடு வியாபாரமும் முடிந்துபோகிறது. இவை ஊட்டச்சத்துக்காகத்தான் விற்கப்படுகின்றன என்றால் பெரியவர்களை ஏன் மறந்தார்கள்?

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியாததல்ல. வாடகை ஏறுகிறது, நல்ல பயிற்சியாளர்கள் நிலைப்பதில்லை, கட்டணம் கட்ட முடியாத பெற்றோரை வெளியே அனுப்ப மனம் வருவதில்லை, மாதக் கடைசியில் அந்த அலமாரியிலிருந்து வரும் தொகைதான் கணக்கை நேர்செய்கிறது. என்னிடம் ஒரு மைய நடத்துநரே இதை மறைக்காமல் சொன்னார். அப்படியானால் கட்டணத்தை வெளிப்படையாக உயர்த்துங்கள். பிள்ளைக்கு வகுப்பு நடந்ததற்குப் பணம் கொடுக்கும் தாய்க்குத் தான் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும். பெற்றோரே கேட்கிறார்கள் என்பது நீங்கள் சொல்லும் அடுத்த நியாயம். கேட்கத்தான் செய்வார்கள். பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி உட்கார்ந்து பேச அவர்களுக்கு வேறு யாரும் அரைமணி நேரம் ஒதுக்கவில்லை. டப்பாவாவது கையில் இருக்கிறது.

அந்த அரைமணி நேரத்தை நீங்கள் ஒதுக்கலாம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதன் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், மருந்து, சிரப், பொடி, நாட்டு மருந்து உட்பட, மூன்று நாள் எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். உறைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வலிப்பு மருந்து போகிறதா என்பதைத் தாளின் முதல் வரியிலேயே கேளுங்கள். பண்டங்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால் குழந்தை மருத்துவரிடமோ, அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கோ அனுப்பி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 பார்க்கச் சொல்லுங்கள். முடியை வெட்டி வெளியூருக்கு அனுப்பும் ‘கன உலோக’ச் சோதனைகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க விடாதீர்கள். குறை தெரிந்தால் மருத்துவர் அளவையும் நாளையும் குறித்து எழுதிக்கொடுப்பார். அதை வெளியே எந்த மருந்துக்கடையிலும் வாங்கிக்கொள்ளட்டும்.

உணவை விரிவாக்கும் வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) உள்ள மையம் அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? மொறுமொறுப்புக்காரனுக்குக் கேழ்வரகு அடையைக் காகிதமாகத் தேய்த்து முறுகவிட்டுக் கொடுக்கலாம். அப்பளத்துக்கு அடுத்தது அரிசி வடாம், அதற்கு அடுத்தது மெல்லிசாகச் சீவி வறுத்த வாழைக்காய் என்று ஒவ்வொரு படியாக இறங்கலாம். வெள்ளைக்காரனுக்கு (சோறு தின்னும் நம்முடைய வெள்ளைக்காரனைச் சொல்கிறேன்) இட்லி மாவில் உளுந்தைக் கூட்டி அரைக்கலாம், வெள்ளைக் கொய்யாவை விதையெடுத்துக் கூழாக்கித் தயிர் பக்கத்தில் வைக்கலாம். முதல் பத்து நாள் பக்கத்தில் வைப்பது மட்டும்தான். தொடவேண்டாம், முகரவேண்டாம், தட்டில் இருந்தால் போதும். ஒளித்துக் கலந்து கொடுக்காதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்தால் இருந்த தயிர்சாதமும் போய்விடும். என் தம்பி பச்சைக் காய் ஒன்றை, அவரைக்காய், முதன்முதலாகத் தின்றபோது அவனுக்கு இருபத்தாறு வயது. இன்று வாரம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். பொரியலில் தேங்காய்ப்பூ மட்டும் இருக்கக் கூடாது.

மூன்று நாள் உணவுக் குறிப்புத் தாளைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அம்மாக்களும் நிரப்பும்படி படங்களோடு இருக்கிறது. எந்த மையம் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். உங்கள் மையத்தின் பெயரை அச்சிட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை மதுரை, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் உள்ள மையங்களுக்கு நேரில் வந்து அம்மாக்களோடு உட்காரவும் தயார். அலமாரி காலியாகிவிட்ட மையங்களுக்கு முதலில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் நிபுணர்,
மதுரை.